சாடி மாற்றி வெட்டிய ஜூனிப்பரை வன்னியில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கிளிநொச்சியில், இந்த ஆடி மாதத்திலேயே ஜூனிப்பர் பொன்சாயை (சாடியில் குட்டையாக வளர்க்கும் ஊசியிலை மரம்) வேர் வெட்டிச் சாடி மாற்றிக் கிளையும் வெட்டிவிட்டேன், இனித் தினமும் தண்ணீரும் உரமும் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். உரம் இப்போது வேண்டாம். குறைந்தது 6 வாரம் போகட்டும். தண்ணீரைப் பார்த்துத்தான் ஊற்றவேண்டும்.

வேரையும் கிளையையும் ஒரே நேரத்தில் வெட்டியதுதான் எனக்குக் கவலை. ஊசியிலை மரங்கள் தம் உணவுச் சேமிப்பில் பெரும்பங்கை இலையிலும் வைத்திருக்கும். அதனால் மிச்சமுள்ள பச்சையில் இனிக் கை வைக்காதீர்கள்.

நம் பக்கத்தில் வெயிலைவிடத் தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்றுத்தான் மோசம். அறுபட்ட வேர் இழுக்கும் நீரைவிட அதிகமாக இலையிலிருந்து உறிஞ்சிவிடும். கிடுகு மறைப்புக்குள், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். சாடியில் மரம் ஆடினால் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். ஆட்டம் புது வேர்களை அறுத்துவிடும்.

விரலை அரை அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் விட்டுவிடுங்கள், காயத் தொடங்கினால் அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். இலைக்கும் தெளிக்கலாம். ஆனால் நம் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர், இல்லாவிட்டால் சுண்ணாம்பு. இலையில் வெள்ளையாகப் படியும். சேமித்த மழைத்தண்ணீர் இருந்தால் நல்லது.

ஒன்று, பச்சையாக நிற்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஜூனிப்பர் செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே இருக்கும். நுனிகளில் இளம்பச்சைத் துளிர் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம், அடுத்த முறை சாடி மாற்றுவதை மாரி ஓய்ந்த தை மாதக் குளிருக்கு வையுங்கள்.