4294967297-ஐ 641 வகுத்த கதை

கேள்வி: 4294967297 ஒரு பகா எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மாவே நம்பியிருந்தார் என்றும், பிறகு அது 641-ஆல் வகுபடுவது தெரியவந்தது என்றும் படித்தேன். கணினி இல்லாத காலத்தில் அதை எப்படிக் கண்டறிந்தார்கள்? இந்த எண்ணுக்கு வேறு சிறப்பு உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டின் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65537 கிடைக்கின்றன; ஐந்துமே பகா எண்கள். இவ்வரிசை முழுவதும் பகா எண்களாகவே இருக்கும் என்று 1640 வாக்கில் ஃபெர்மா கருதினார். அடுத்து வருவதுதான் நீங்கள் குறிப்பிடும் எண், அதாவது 2³² + 1.

அதன் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டுவதால், அதுவரையுள்ள 6542 பகா எண்களாலும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது கையால் செய்யக்கூடிய வேலையன்று. 1732-இல் இதன் காரணியை அறிவித்த கணிதவியலாளர் ஆய்லர், பின்னர் அதற்கான விதியையும் நிறுவினார். இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்கின்றன; ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது: 641 × 6700417 = 4294967297. கணக்குப் போடும் உழைப்பைவிட, எதைத் தேட வேண்டும் என்ற தெளிவே இங்கே வென்றது என்பேன்.

நீண்ட வகுத்தலே இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த நிரூபணம் இது. 5 × 2⁷ = 640 என்பது 641-க்கு ஒன்று குறைவு; ஆகையால் அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 1. மறுபுறம், 641 = 625 + 16 = 5⁴ + 2⁴ என்பதால், 641-இன் மடங்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதலாம். அப்போது −2³²-க்கும் மீதி 1 என்றாகிறது. எனவே 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள். நான்கு வரிகளுக்கு மேல் போகாது.

வேறு சிறப்பும் உண்டு. 3 × 5 = 15, இது 17-க்கு இரண்டு குறைவு; 15 × 17 = 255, இது 257-க்கு இரண்டு குறைவு. இவ்வாறே முதல் ஐந்து எண்களையும் பெருக்கினால் வரும் 4294967295, நம் எண்ணுக்குச் சரியாக இரண்டு குறைவு. இந்த உறவினால், இவ்வரிசையின் எந்த இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்க இயலாது. ஆக, முடிவில்லாத இவ்வரிசையின் ஒவ்வோர் எண்ணும் புதிய பகாக் காரணி ஒன்றையாவது கொண்டுவருவதால், பகா எண்கள் முடிவற்றவை என்பதற்கு இதுவே தனியொரு சான்றாகிவிடுகிறது. கணினியின் 32 பிட்டுகளில் (0 அல்லது 1 என்ற 32 இலக்கங்களில்) எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் அந்த 4294967295 தான்.

வரிசையில் இதற்குப் பின் வரும் எண்களில் இதுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. ஓர் ஒழுங்குப் பலகோணத்தின் பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையானால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் (இவ்வரிசையில் வரும் பகா எண்களின்) பெருக்கலாக இருந்தால் மட்டுமே அதை அளவுக்குறி இல்லாத நேர்கோலும் கவராயமும் கொண்டு வரைய முடியும். ஆகவே ஆறாவது ஃபெர்மா பகா எண் கிடைக்கும்வரை, அவ்வாறு வரையத்தக்கனவாக நாம் அறிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டதாகவே இருக்கும்.