ஆலை திவாலானால் பங்க் வறண்டுவிடுமா?

கேள்வி: இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் மூன்று டீசல் வேன்களை வைத்துச் சரக்கு விநியோகம் செய்கிறோம். வீட்டைச் சூடாக்குவதும் எண்ணெயில்தான். பக்கத்து லிண்ட்சே சுத்திகரிப்பு ஆலை நொடித்துப்போனதிலிருந்து பயமாக இருக்கிறது. கராஜில் டீசலை வாங்கி அடுக்கி வைக்கலாமா? வீட்டு எண்ணெய் தரும் வியாபாரி, ஆறு மாதப் பணத்தை இப்போதே கட்டினால் விலையைக் குறைப்பதாகச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: டீசலை அடுக்க வேண்டாம். முன்பணம் கட்டவே வேண்டாம். உங்களுக்கு உண்மையான ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது.

சுத்திகரிப்பு ஆலை நொடிப்பது பெரும்பாலும் எண்ணெய் தீர்ந்து அல்ல, கடன் கிடைக்காமல். லிண்ட்சே நாளொன்றுக்கு சுமார் 1,13,000 பீப்பாய் கச்சா எண்ணெயைக் கையாளக்கூடிய ஆலை. பீப்பாய் 70 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் சரக்குக்கே கிட்டத்தட்ட 80 லட்சம் டாலர். கப்பலில் ஏற்றிய எண்ணெய் பெட்ரோலாகி, விற்று, காசு கைக்கு வர 20 நாள் ஆகிறது என்றால்கூட 16 கோடி டாலர் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுமப்பது வங்கிக் கடன். ஆலை தள்ளாடுகிறது என்ற பேச்சு கிளம்பியதும் வங்கி கையை இழுத்துக்கொள்ளும். கச்சா எண்ணெய் விற்பவர் ரொக்கம் கேட்பார். அங்கேயே கதை முடிந்தது.

2011 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பெட்ரோப்ளஸ் நிறுவனத்துக்கு நடந்தது இதுவே. வங்கிகள் சுமார் 100 கோடி டாலர் கடன் வசதியை முடக்கின. அடுத்த மாதமே நிறுவனம் திவால். எசெக்ஸில் இருந்த அதன் கோரிடன் ஆலை லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் வேண்டிய எரிபொருளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத் தந்துகொண்டிருந்தது. முதலில் டேங்கர் லாரிகள் நின்றதும் எல்லோரும் பதறினார்கள். ஓரிரு நாளில் திவால் நிர்வாகிகள் விநியோகத்தைத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கோடையில் ஆலை நிரந்தரமாக மூடியது. லண்டன் நிற்கவில்லை, இறக்குமதிச் சரக்கு அந்த இடத்தை நிரப்பியது. நிஜமாக அடிபட்டவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். அவர்களைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

லிண்ட்சேயிலும் அதே வரிசைதான். 2025 ஜூன் 30 அன்று உரிமையாளரான ப்ராக்ஸ் குழுமம் நொடித்தது. நீதிமன்றம் நியமித்த கலைப்பாளர் (நொடித்த நிறுவனத்தின் சொத்தை விற்றுக் கணக்கை முடிப்பவர்) பொறுப்பேற்று, இருந்த கச்சா எண்ணெயை வைத்து ஆலையைச் சில காலம் ஓட்டினார். முழுதாக வாங்க ஆள் கிடைக்காததால் ஜூலையில் படிப்படியாக மூட முடிவானது. பிரிட்டன் ஏற்கெனவே டீசலில் கணிசமான பங்கை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. உங்களுக்கு அருகிலேயே இம்மிங்ஹாம் துறைமுகம் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் ஹம்பர் ஆலையும் ஓடுகிறது.

பிறகு பங்க் வறள்வது எப்படி? 2012 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். டேங்கர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யலாம் என்ற பேச்சு மட்டும் இருந்தது; வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை. கேனில் பிடித்து வையுங்கள் என்று அமைச்சர் ஃப்ரான்சிஸ் மாட் வாய்விட்டார். ஊரே வரிசையில் நின்றது. யார்க்கில் ஒரு பெண் சமையலறையில் பெட்ரோலைப் பாத்திரம் மாற்றும்போது தீப்பிடித்து மோசமாகக் காயப்பட்டார். 2021 செப்டம்பரிலும் லாரி ஓட்டுநர் பற்றாக்குறை பதற்றமாக மாறி பங்க்குகளைக் காலியாக்கியது. பாதி டேங்கோடு ஓடும் வண்டிகள் எல்லாம் ஒரே நாளில் முழு டேங்க் கேட்டால் எந்த பங்க்கும் தாங்காது. வேன்களில் எப்போதும் பாதிக்குக் குறையாமல் வைத்திருங்கள், அது போதும்.

கராஜ் யோசனைக்கு இன்னொரு தடையும் உண்டு. பிரிட்டனில் விற்கும் டீசலில் 7 சதவீதம் வரை பயோடீசல் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் அடியில் தண்ணீர் சேர்ந்து, கறுப்பாக வழுவழுவென்று ஒரு கசடு பிடிக்கும். அது ஃபில்டரில் ஏறினால் சேமித்ததைவிட மெக்கானிக்குக்கு அதிகம் அழவேண்டியிருக்கும். பெட்ரோல் என்றால் சட்டமே கண்டிப்பு: அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் வீட்டில் வைக்கக்கூடியது 30 லிட்டர் வரைதான். பிளாஸ்டிக் கேன் ஒவ்வொன்றும் 10 லிட்டருக்கு மிஞ்சக்கூடாது, உலோக கேன் என்றால் 20.

இனி முன்பணம். உங்கள் வியாபாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குச் சரக்கு தருபவர் நொடித்து, அதனால் அவரும் நொடித்தால், கட்டிய பணத்துக்கு நீங்கள் பிணை எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவராகி வரிசையின் கடைசியில் நிற்பீர்கள். வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. ஆறு மாதத் தள்ளுபடி அந்த ஆபத்துக்கு ஈடாகாது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் காசு கொடுங்கள். வீட்டு எண்ணெய்க்குக் கொஞ்சம் முன்கூட்டிக் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், உங்கள் சொந்தப் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான பொருளுக்கு, விற்றவர் கைவிட்டால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு அந்தச் சட்டக் காப்பு கிடையாது.

வேன்களுக்கு எரிபொருள் அட்டை பயன்படுத்தினால், முன்கூட்டிப் பணம் போடும் வகையா, மாதக் கடைசியில் பில் வரும் வகையா என்று இன்றே பாருங்கள். முதல் வகை என்றால் ஒரு வாரத் தேவைக்கு மேல் அதில் வைக்காதீர்கள்.