பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஆச்சி

கேள்வி: சங்கரன்கோவிலிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமியாருக்கு, என் 4 வயது மகன் ஹ்ருத்விக்கின் பெயர் வாயில் நுழையவே இல்லை. 'இருத்துவிக்கு' என்கிறார். ஒருமுறை அதை போனில் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம், எல்லோரும் ரசித்தார்கள். இப்போதெல்லாம் 'ஏலே' என்றுதான் கூப்பிடுகிறார். பையனின் உச்சரிப்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அத்தையை எப்படித் திருத்துவது?
- வாசகி, வேளச்சேரி

பதில்: எல்லோரும் ரசித்தார்கள், சரி. அத்தை ரசித்தாரா? உங்கள் அடுத்த வரியிலேயே விடை இருக்கிறது. நெல்லைப் பக்கம் 'ஏலே' பாசமான அழைப்புதான். ஆனால் வாய்க்கு வந்தபடி பேரன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தப் பதிவுக்குப் பிறகு பெயரையே விட்டுவிட்டார். வீட்டுப் பெரியவரை வாயடைக்க வைத்துவிட்டு, உச்சரிப்புக்கு வழி கேட்கிறீர்களே அம்மா!

அவர் சொல்வதில் என்ன தப்பு? தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது. ஹ்ருதயம் எப்படி இருதயம் ஆனதோ, அப்படித்தான் ஹ்ருத்விக்கும் 'இருத்துவிக்கு' ஆகிறான். வல்லின மெய்யில் சொல் முடிவதும் தமிழில் இல்லை, அதனால் கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது. 'கேக்கு வெட்டலாம்', 'புக்கை எடு, அந்தப் புக்கு இல்ல' என்று நீங்களும்தான் பேசுகிறீர்கள். சென்னையில் பலர் வாயில் வாழைப்பழம் 'வாயப்பயம்', நெல்லையில் 'வாளப்பளம்'. அதையெல்லாம் யாரும் பதிவு செய்து குரூப்பில் போடுவதில்லை.

பையனின் பேச்சு கெடாது. பிள்ளைகள் போகப் போகக் கூடப் படிக்கிற, விளையாடுகிற பிள்ளைகளைப் போலத்தான் பேசுவார்கள். ஆச்சி பேசினால் சிரிக்கலாம் என்று அவன் உங்களிடம் கற்றிருப்பானே, அதுதான் எனக்குக் கவலை.

அந்தப் பதிவை இன்றே அழியுங்கள். 'எல்லோருக்கும் நீக்கு' என்பது வாட்ஸ்அப்பில் 2 நாள் சொச்சம் வரைதான் வேலை செய்யும். அதைத் தாண்டியிருந்தால் உறவினர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அழிக்கச் சொல்லுங்கள், கூச்சமாக இருந்தாலும். 'போட்டோம்' என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் உங்கள் கணவருக்கும் பங்குண்டு. பெற்ற தாயிடம் அவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பையனும் பக்கத்தில் இருக்கட்டும்.

பிறகு அத்தையே கேட்டால் மட்டும் சொல்லிக் கொடுங்கள். 'மருத்துவம்' என்பது அவருக்குப் பழகிய சொல். அதில் முதல் எழுத்தை விட்டால் 'ருத்துவ' வந்துவிடும். கடைசிக்கு 'விக்கல்' உதவும். 'விக்' என்றதும் அடிநாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நிற்கும், அங்கேயே நிறுத்த வேண்டும். நாக்கை விட்டதும் குரலும் கூட வந்தால் 'விக்கு' ஆகிவிடும். ஹகரத்துக்கு, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வாயால் ஊதுவது போல ஒரு மூச்சு போதும். முழுப் பெயரையும் ஒரேயடியாகச் சொல்லச் சொன்னால் குழறும். பின்னாலிருந்து வாருங்கள்: விக், த்விக், ருத்விக், ஹ்ருத்விக். ஒரு வேளைக்கு 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அடுத்தவர் முன்னால் வேண்டவே வேண்டாம்.

வராவிட்டால் விட்டுவிடுங்கள். 'இருத்துவிக்கு' என்று கூப்பிட்டாலும் 'என்ன ஆச்சி' என்று பையன் எழுந்து போக வேண்டும். அதைப் பழக்குவது உங்கள் இருவர் பொறுப்பு.