அமெரிக்காவில் நோயாளி கட்டும் பங்கு கூடினால் டாக்டருக்கு ஏன் தலைவலி?

காரணம் ‘டிடக்டிபிள்’. இன்சூரன்ஸ் இருந்தாலும் வருடத்தில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை நாமே கைக்காசு போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்பெனி கொடுக்கத் தொடங்கும். வரிச் சலுகையுள்ள சேமிப்புக் கணக்குக்குத் தகுதியான ‘ஹை டிடக்டிபிள்’ திட்டங்களில் 2025இல் இது தனிநபருக்குக் குறைந்தது 1,650 டாலர்.

பால்காரரை நினைத்துப் பாருங்கள். ஒரே டீக்கடைக்கு ஊற்றினால் மாதம் பிறந்ததும் பணம் மொத்தமாக வந்துவிடும். அதே பாலை நூறு வீட்டுக்கு ஊற்றினால்? பாதி நாள் வசூலுக்கே போய்விடும். டாக்டர் நிலைமையும் அதுதான்: கம்பெனியிடம் மொத்தமாக வாங்க வேண்டிய பணத்தை ஒவ்வொரு நோயாளியிடமும் தனித்தனியாக வசூலிக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். பில் முதலில் கம்பெனிக்குப் போய், ஒப்பந்த விலைக்குக் குறைக்கப்பட்டு, சில வாரம் கழித்துத்தான் நோயாளியின் பங்கு வீட்டுக்குக் கடிதமாக வரும். அதற்குள் காய்ச்சலும் போயிருக்கும், கட்டும் அவசரமும் போயிருக்கும். ஜனவரி இன்னும் மோசம்; பெரும்பாலான திட்டங்களில் டிடக்டிபிள் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால்தான் பல கிளினிக்குகளில் உள்ளே நுழையும்போதே பணம் கட்டும் கார்டைக் கேட்கிறார்கள். உறுத்தல்தான், ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

சரி, ‘டாக்டர் நினைத்தால் தள்ளுபடி செய்யலாமே’ என்கிறீர்களா? பணக்கஷ்டம் பார்த்து ஒருவருக்குக் குறைக்கலாம். எல்லோருக்கும் வழக்கமாக விட்டுக்கொடுத்தால் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தையே மீறியதாகிவிடலாம்.