காசநோய்க்கு வீட்டிலேயே மாத்திரை போதுமா? வாலஸ் ஃபாக்ஸ் கண்ட விடை

கடலூர் முதுநகரில் உங்கள் அண்ணனுக்கு டி.பி. என்று சொல்லி, பெட்டில் சேர்க்காமல் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான். மூச்சுத்திணறலோ இருமலில் ரத்தமோ வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த முறைக்கு வித்திட்டவர் நுரையீரல் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ். 1956-இல் பிரிட்டனிலிருந்து சென்னைக்கு வந்தார். அப்போது காசநோய் என்றாலே சானடோரியம்தான், அதாவது மாதக்கணக்கில் தங்கவைக்கும் காசநோய் ஆஸ்பத்திரி; நம் நாட்டிலோ படுக்கைகள் போதவில்லை. நோயாளிகளை அவர் இரண்டாகப் பிரித்தார்: ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி நெரிசலான தங்கள் வீடுகளில். இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை உண்மையாகவே விழுங்குகிறார்களா என்று திடீரென்று போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959-இல் முடிவு வெளியானது. சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தும் வீட்டு நோயாளிகள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களோடு வசித்த குடும்பத்தாருக்குத் தொற்றும் கூடவில்லை. என்னைக் கேட்டால், ஏழை நாடுகளுக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்த நுரையீரல் மருத்துவரும் செய்ததில்லை. பின்னாளில் சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகச் சுருக்கிய ஆய்வுகளிலும் அவர் பங்கு பெரிது.

அதற்காகச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் நோயாளிகளிடம் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனை நடத்திய ஆய்வுகள், நோயின் ஆபத்தைக் கூட்டுபவை என்று ஊட்டக்குறைவையும் குடிப்பழக்கத்தையும்தான் சுட்டிக்காட்டுகின்றன. அரசு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி தருகிறது. அண்ணனின் பேங்க் கணக்கு விவரத்தைக் காசநோய்ப் பிரிவில் பதிந்துவிடுங்கள்.