ஒரே வாய் காபியில் நாலு மாத்திரை

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி தன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வயது 58. தைராய்டு மாத்திரை ஆறு வருடமாக ஓடுகிறது, 75 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 125 வரை ஏற்றியாகிவிட்டது, டி.எஸ்.எச். (தைராய்டு போதாதபோது ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) மட்டும் 11-க்குக் கீழே இறங்கவில்லை. ஹீமோகுளோபின் 8.9, நாலு மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் அசையவில்லை. இது போக சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், எலும்புக்குக் கால்சியம், நெஞ்செரிச்சலுக்குப் பேன்டோபிரசோல். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் தைராய்டு, இரும்பு, கால்சியம், பேன்டோபிரசோல் நாலையும் சேர்த்து வாயில் போட்டு ஃபில்டர் காபியோடு விழுங்கிவிடுவாராம். "கம்பெனியை மாற்றிப் பார்க்கலாமா, இல்லை அம்மாவின் குடல் எதையும் ஏற்காமல் போய்விட்டதா?" என்று கேட்கிறார். கடைசி வரியில், மூட்டு வலி தாங்காத நாட்களில் தெருமுனை மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவார், சாப்பிட்ட பிறகுதான் போடுவார் என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு அதிகக் கவலை தருவது அந்தக் கடைசி வரிதான். அதற்கு வருகிறேன்.

கம்பெனியை மாற்ற வேண்டாம். தைராய்டு மாத்திரையை ஒரே கம்பெனியிலேயே வைத்திருப்பதுதான் நல்லது. குடலையும் இப்போதே குறை சொல்ல வேண்டாம், ஏனென்றால் காலையில் அது வேலை செய்ய நாம் வழியே விடவில்லை.

விழுங்கிவிட்டால் மாத்திரை உடம்பில் சேர்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வயிற்றுக்குள்ளும் குடலுக்குள்ளும் இருக்கும் வரை அது இன்னும் வெளியேதான் இருக்கிறது, குடலின் உள்சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போனால்தான் கணக்கு. தைராய்டு மாத்திரை முதலில் இரைப்பையின் அமிலத்தில் கரைய வேண்டும், அப்புறம் சிறுகுடலின் நடுப்பகுதியிலும் கடைப்பகுதியிலும் உறிஞ்சப்பட வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டாலே 60 முதல் 80 சதவீதம்தான் உள்ளே போகும். கூடவே காபி வந்தால் அது குறையும். இரும்பும் கால்சியமும் குடலுக்குள்ளேயே தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடும். பேன்டோபிரசோல் அமிலத்தைக் குறைப்பதால் மாத்திரை சரியாகக் கரைவதும் கெடும். ஒரு மாத்திரைக்கு நாலு தடை, அதுவும் தினமும்.

இரும்பின் கதையும் இதேதான். அது ஏறுவது முக்கியமாக இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலில், அதன் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர்தான். அந்த இடத்தைத் தாண்டும் முன் அமிலத்தில் கரைந்திருக்க வேண்டும், காபி டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள் அதைக் கட்டிப்போடாமல் இருக்க வேண்டும், கால்சியம் குறுக்கே வரக் கூடாது. இன்னொன்று, ஒருநாள் இரும்பு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது, அது மறுநாள் வரை உறிஞ்சுதலைக் குறைத்து வைக்கும். அதனால்தான் இப்போது பல டாக்டர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, நேரத்தை எப்படி மாற்றுவது? ஐந்தரைக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை மட்டும், ஒரு டம்ளர் தண்ணீரோடு. காபி ஆறரைக்கு. இந்த ஒரு மணி நேரம் அம்மாவுக்குச் சிரமமாகத்தான் இருக்கும், ஆனால் நான் சொல்வதில் அதிகப் பலன் தரப்போவது இதுதான், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேன்டோபிரசோல் தேவைப்படும் வரை, டிபனுக்கு அரை மணி நேரம் முன்னால். மெட்ஃபார்மின் டாக்டர் சொன்னபடி சாப்பாட்டோடு. டிபன் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, பதினொரு மணி வாக்கில் இரும்பு, எலுமிச்சை ஜூஸோடு (சர்க்கரை இருப்பதால் இனிப்பில்லாமல்). பதினொரு மணி காபி பழக்கம் இருந்தால் அதைத் தள்ளிப்போட வேண்டும். கால்சியம் மதியச் சாப்பாட்டோடு, அது கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் அமிலமும் உணவும் இருந்தால்தான் நன்றாக ஏறும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும், இந்தக் கணக்கில் அது தாராளமாக வந்துவிடுகிறது. தைராய்டு மாத்திரையை இரவில் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கும் வீட்டில் அது நடக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 125 என்பது பாதி மருந்து வீணாகிக்கொண்டிருந்தபோது ஏற்றிய அளவாக இருக்கலாம். நேரத்தைச் சரிசெய்த பிறகு முழுதாக உள்ளே போனால் அதுவே அதிகமாகிவிடலாம். படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். இப்போதே அவரிடம் "இத்தனை நாள் காபியோடு போட்டோம், இன்று முதல் மாற்றுகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்தால் சரியான எண் கிடைக்காது.

இனி அந்த டைக்ளோஃபெனாக். 58 வயதில், மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8.9 என்றால், இரும்பு ஏன் ஏறவில்லை என்பதோடு ரத்தம் எங்கே போகிறது என்றும் கேட்டாக வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் வலி மாத்திரை வயிற்றைப் பாதிக்காது என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். அது சரியல்ல. இந்த மாத்திரைகள் ரத்தத்தில் கலந்த பிறகு, இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் புராஸ்டாகிளாண்டின்களின் உற்பத்தியையே தடுக்கின்றன, ஊசியாகப் போட்டாலும் இதேதான் நடக்கும். புண் வரும், அது வலிக்காமலே துளித்துளியாகக் கசியும், மலத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, மாதக்கணக்கில் ரத்தம் குறைந்துகொண்டே போகும். அதனால் அதை இன்றே நிறுத்துங்கள், மூட்டு வலிக்கு வேறு வழியை டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் பேன்டோபிரசோலை நீங்களாக நிறுத்தாதீர்கள். உள்ளே புண் இருந்தால் இப்போது காவல் அதுதான், வேண்டாமென்றால் அப்புறம் டாக்டரே குறைப்பார்.

ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்து இரும்புக் குறைபாடு உறுதியானால், இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். பெருங்குடல் புற்றுநோய்கூட முதலில் ரத்தசோகையாக மட்டும் தலைகாட்டலாம், அந்தக் கட்டத்தில் பிடித்தால் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். எண்டோஸ்கோப்பியின்போதே ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். புண்ணுக்கு முக்கியக் காரணம் அது, இரும்பு ஏறுவதையும் கெடுக்கும். 1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் இருவரும் அதைக் கண்டுபிடித்தார்கள், 2005-ல் நோபல் கிடைத்தது. மாத்திரையிலேயே ஒழித்துவிடலாம். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம், உங்கள் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

இரும்பு மாத்திரை போட்டாலே மலம் கருப்பாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தார் மாதிரி பளபளப்பாக, ஒட்டும் பதத்தில், தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது ரத்தம். கூடவே தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் அன்றே, அந்த நேரமே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

அப்புறம் வைட்டமின் பி12. மெட்ஃபார்மினும் பேன்டோபிரசோலும் வருடக்கணக்கில் சேர்ந்து ஓடினால் அது குறையும், சைவச் சாப்பாடு என்றால் இன்னும் சீக்கிரம் குறையும். அம்மாவுக்குப் பாதம் மரத்துப்போகிறதா, எரிகிறதா என்று கேளுங்கள். பி12 குறைந்தாலும் அப்படி வரும், ஆனால் சர்க்கரையால்தான் என்று அதை விட்டுவிடுவது வழக்கம். ஃபெரிட்டினுக்கு ரத்தம் எடுக்கும்போதே பி12-க்கும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், டாக்டரிடம் போகும்போது டைக்ளோஃபெனாக் உட்பட வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.