மோசமாகப் போன ஒரு வருடத்தின் முடிவில் நத்தாரைக் கொண்டாடத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் தம் நிலையைச் சுருக்கமாகவே சொல்லியிருக்கிறார். தொழில் போயிற்று, வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தார், இப்போதுதான் மெல்லத் தலைதூக்குகிறார்கள், பிள்ளைகள் நத்தாருக்கு நாள் எண்ணுகிறார்கள். கையில் காசில்லாத இந்த வருடத்தில் கொண்டாடுவது ஊருக்குப் போடும் வேடமாகாதா என்பது அவருடைய கேள்வி. நீங்கள் கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து வாசற்கதவைப் பாதி சாத்தி வைத்திருப்பவர் என்றும், பிள்ளைகளை விட அயலவரை நினைத்தே அதிகம் கூசுகிறீர்கள் என்றும் நான் எடுத்துக்கொள்கிறேன். என் கணிப்புப் பிழையானால் மன்னியுங்கள். 2022 டிசம்பரில் நான் அப்படித்தான் இருந்தேன், அதனால் எல்லோரையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

நான் திருகோணமலையில், பாலையூற்றுப் பக்கம் குடியிருப்பவன். 11 வருடங்கள் முச்சக்கரவண்டி ஓட்டினேன். ஓட்டோ ஓட்டுபவன் இப்படி எழுதுவானா என்று இங்கே முன்பொரு முறை ஒருவர் கேட்டிருந்தார். உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாகப் படித்தேன். வாகனத் தரிப்பிடத்தில் சவாரிக்காகக் காத்திருக்கும் நேரம் முழுவதும் வாசிப்பேன். இது போதுமான விளக்கம் என்று நினைக்கிறேன்.

2022ஆம் ஆண்டு பிறந்தபோது ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா. ஜூன் கடைசியில் அதுவே 470 ரூபா. விலையை விடுங்கள், பொருளே இல்லை. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டி வைத்த 99 எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் நிற்கும் ஊரில், நாங்கள் ஐந்து லீற்றர் பெற்றோலுக்காக இரண்டு இரவுகள் தெருவில் படுத்துக் கிடந்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வருடத்தைச் சோம்பேறித்தனத்தால் தொலைத்தவன் என்று என்னை யாரும் எண்ணிவிடக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில், கொஞ்சம் சேமித்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். தவணை கட்டி, வீட்டு வாடகை கட்டி, இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஓட்டோக்காரன் எதைச் சேமிப்பான் என்று அவரிடம் நான் திருப்பிக் கேட்கவில்லை. இன்றுவரை அது தொண்டைக்குள் நிற்கிறது.

ஜூன் நடுப்பகுதியில் ஒரு நள்ளிரவில், இயந்திரத்தை இயக்கினால் இருக்கிற பெற்றோலும் தீர்ந்துவிடும் என்பதற்காக எல்லோரும் வாகனங்களைக் கையால் தள்ளி வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற சிறிய லொறி ஒன்று தடை பிடிக்காமல் உருண்டு வந்து என் வலது பாதத்தின் மேல் ஏறியது. அந்தச் சாரதியைக் குறை சொல்லமாட்டேன், அவரும் என்னைப்போல் இரண்டு நாட்களாக நித்திரை இல்லாதவர். பாதத்தில் இரண்டு எலும்புகள் முறிந்தன. ஆறு கிழமைகள் காலில் கட்டுடன் கட்டிலில் கிடந்தேன். தவணைப் பணம் மே மாதத்திலிருந்தே நின்றிருந்தது. ஓகஸ்ட் மாதம் நான் பொல்லை ஊன்றி முற்றத்துக்கு இறங்கத் தொடங்கிய கிழமையில், குத்தகை நிறுவனத்தின் ஆட்கள் வந்து வண்டியை எடுத்துச் சென்றார்கள். அதே ஓகஸ்ட் முதலாம் திகதி முதல்தான் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் குறியீட்டு முறை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. முச்சக்கரவண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர். வண்டி போனபின் அந்தக் குறியீடு என் கைத்தொலைபேசியில் வெறும் படமாகக் கிடந்தது. அதை அழிக்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

வீட்டைக் காப்பாற்றியது என் மனைவியின் இடியப்பம். எரிவாயு இல்லாத காலம் அது. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, முற்றத்தில் மூன்று கல் வைத்து, ஈர விறகோடு போராடி, 200 இடியப்பம் அவிப்பாள். எரிபொருள் இல்லாததால் பாடசாலைகளும் மூடிக் கிடந்தன. மூத்தவள் அவற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தேநீர்க்கடைகளுக்கும் சொல்லிவைத்த வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பாள். மூத்தவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மே மாதக் கடைசியில் அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். அதற்கு முன், மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா என்பது விலைப்பட்டியலில் மட்டும்தான், கடையில் கிடையாது. தேங்காய் எண்ணெயில் திரி போட்டுப் படித்தாள். நான் கட்டிலில் கிடந்த நாட்களில், மா நீருக்குப் பதமாகக் குழைவதையும் உரல் பிழிபடுவதையும் இருளில் கேட்டுக்கொண்டு கிடப்பேன். ஆண்பிள்ளை கிடந்து தின்கிறேனே என்ற வெட்கம் கால் நோவை விடப் பெரிதாக இருந்தது. இதை வாசிக்கும் பெண்கள் சிரிக்கலாம், சிரியுங்கள்.

எங்களைக் காப்பாற்றிய இன்னொருவர், தரிப்பிடத்தில் எனக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் கிண்ணியா நானா. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி இறங்கித் தொழிலுக்கு வந்தவர். செப்டெம்பரில் என்னைப் பார்க்க வந்தவர் தன் வண்டித் திறப்பை என் மடியில் வைத்து, "தம்பி, அஞ்சு லீற்றர்ல பாதி உனக்கு, பாதி எனக்கு. பின்னேரத்துக்குப் பிறகு நீ ஓடு. அல்லாஹ் போதுமாக்கி வைப்பான்" என்றார். இரண்டரை லீற்றரில் ஒரு கிழமைக்கு எத்தனை சவாரி ஓடலாம் என்பது இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவருக்கும் நான்கு பிள்ளைகள். நவம்பரில் கட்டடப்பொருட் கடை ஒன்றில் சிறிய லொறி ஓட்டும் வேலை எனக்குக் கிடைக்கும்வரை அந்தத் திறப்பு மாலையில் என்னிடமும் காலையில் அவரிடமும் இருந்தது.

இங்கே கேள்விக்குச் சற்று அப்பாற்பட்ட ஒன்றைச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. ஓகஸ்டில் ஓர் அமைப்பு உலர் உணவுப் பொதிகள் கொடுத்தது. பெயர் வேண்டாம். அரிசி, மா, பருப்பு, சீனி, நல்ல பொதிதான். ஆனால் பொதியைப் பெறும் குடும்பம் பதாகைக்கு முன்னால் நின்று, கொடுப்பவருடன் சேர்ந்து பொதியைப் பிடித்தபடி, படத்துக்குச் சிரிக்கவேண்டும். என் காலைக் காட்டி நான் மறுத்ததும், மகளை நிற்கச் சொன்னார்கள். அவளுக்குப் பதினாறு வயது. அவள் என்னைப் பார்த்தாள். பொதியை வைத்துவிட்டு வா என்றேன். கொடுத்தவர்களைப் பழிக்கிறான், நன்றி கெட்டவன் என்று இதற்குக் கீழே எழுதுவீர்கள் என்று தெரியும். அன்று இரவு வீட்டில் அரிசி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கொடுத்தவர்களுக்கும் யாருக்கோ கணக்குக் காட்டவேண்டிய கட்டாயம் இருந்திருக்கும். ஆனாலும் நன்றியை முகத்தில் வரவழைத்துப் படம் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்களை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "தான் நேசிக்கிறவனைத்தான் ஆண்டவர் சோதிப்பார்" என்று கட்டில் அருகே நின்று சொல்லிவிட்டுப் போனவர்களையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட அடுத்த நாள் இடியப்பம் வாங்கவில்லை.

சரி, நத்தாருக்கு வருகிறேன். டிசம்பர் முதற்கிழமையில் பாலையூற்று வீடுகளில் நட்சத்திர விளக்குகள் ஏறத் தொடங்கின. எங்கள் வீட்டில் ஏறவில்லை. இந்த வருடம் பூசைக்குப் போய்வந்து வாசலைச் சாத்திவிடுவோம், அடுத்த வருடம் பார்ப்போம் என்று நான் சொல்லிவிட்டேன். நான் பயந்தது கேக்குக்கோ பிள்ளைகளின் உடுப்புக்கோ அல்ல, தட்டுகளுக்கு. எங்கள் ஊரில் நத்தார் என்பது ஒரு வீட்டுக்குள் அடங்கும் காரியமில்லை. பொங்கலுக்குச் சைவ வீடுகளிலிருந்து பொங்கலும், பெருநாளுக்கு முஸ்லிம் வீடுகளிலிருந்து வட்டிலப்பமும் தட்டில் மூடி வரும். நத்தாருக்கு நாங்கள் அனுப்பவேண்டும். தட்டு வெறுமையாகத் திரும்பாது. எங்களுக்கு 11 வீடுகள். ஒரு கேக் துண்டு, இரண்டு பயற்றம் பணியாரம், நாலைந்து அச்சுப் பலகாரம், ஒரு சீப்பு வாழைப்பழம் என்று கணக்குப் போட்டால் அந்த மாத வாடகை வந்து நின்றது. கதவைச் சாத்தினால், இவர்கள் இந்த வருடம் கொண்டாடவில்லை என்று எல்லோரும் விளங்கிக்கொள்வார்கள், தட்டுக் கணக்கும் ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போகும் என்பது என் திட்டம்.

அம்மா இருந்திருந்தால் அந்தப் பேச்சை எடுத்திருக்கவே மாட்டேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடற்கரையோரம் குடியிருந்த அம்மாவின் தம்பியைச் சுனாமி கொண்டுபோயிற்று. முதல் நாள்தான் எங்கள் வீட்டில் உண்டு, மிச்சக் கேக்கைத் தாளில் சுற்றிக்கொண்டு போனவர். அடுத்த வருடம் நத்தார் வந்தபோது அம்மா கேக் போடவில்லை, நட்சத்திரம் கட்டவில்லை, புதுச்சேலை உடுக்கவில்லை. ஆனால் தட்டுகளை வரிசையாக வைத்து வாழைப்பழமும் வெல்லமும் அடுக்கினா. செத்த வீட்டில் இது எதற்கு என்று பெரியம்மா கேட்டதற்கு அம்மா சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது: "துக்கம் எங்கட. தட்டு அவையின்ர."

இதை நான் மனைவிக்கு எப்போதோ சொல்லியிருக்கவேண்டும், எனக்கு நினைவில்லை. நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கையில் அவள் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து தட்டுகளை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன போடப்போகிறாய் என்று கோபமாகக் கேட்டேன். "இந்த வருசம் எங்களைச் சாப்பிட வைச்சது எதுவோ, அதையே போடுவம்" என்றாள். நவம்பர் கடைசியில் மகளின் பெறுபேறு வந்திருந்தது. கணிதத்திலும் தமிழிலும் ஏ சித்தி. அதைக் கொண்டாடக்கூட ஒன்றும் செய்யவில்லை என்ற குறை அவளுக்குள் இருந்திருக்கிறது.

அந்த நத்தாருக்குத் தாழமுக்க மழை விடாமல் பெய்தது. கோயில் வாசலில், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வழக்கமாகிவிட்ட பைச் சோதனை. நனைந்துகொண்டே வரிசையில் நின்றோம். வரிசை எங்களுக்குப் புதிதல்ல என்று யாரோ சொல்ல, முன்னால் நின்ற பொலிஸ்காரரும் சிரித்தார். பூசை முடிந்து வந்து மனைவி உடுப்பைக்கூட மாற்றாமல் அடுப்பு மூட்டினாள். நான் தேங்காய் துருவினேன். விடியும்போது 11 தட்டுகளில் பத்துப் பத்து இடியப்பம், ஒரு கிண்ணத்தில் சம்பல், ஒரு கிண்ணத்தில் சொதி. நட்சத்திரத்தை மகள் எப்போது கட்டினாள் என்று தெரியாது, பூசைக்குப் போய் வந்தபோது அது வாசலில் தொங்கியது.

கொண்டுபோய்க் கொடுக்க நான்தான் போனேன், மனைவி விடாப்பிடியாக அனுப்பினாள். நொண்டியபடி, குடையும் தட்டுமாக. முதல் வீடு ஓய்வுபெற்ற ரீச்சர் அம்மாவின் வீடு. ஜூலையிலிருந்து ஒரு நாள் தவறாமல் எங்களிடம் பதினைந்து இடியப்பம் வாங்கியவர். அவரும் கணவரும் இரண்டு பேர்தான், அந்தப் பதினைந்தையும் அவர்கள் உண்டிருக்க முடியாது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஆறு மாசமாக் காசு குடுத்து வாங்கினதை இண்டைக்குச் சும்மா தாறியளோ? அப்ப நாளைக்கு விலை கூடுமோ?" என்றார். அவர் சிரித்தார். எனக்கு வாய் திறக்க வரவில்லை. உங்களால்தான் பிழைத்தோம் என்று சொல்ல வாசலில் இருந்து ஒத்திகை பார்த்துப் போன வசனம் தொண்டையில் நின்றது. தட்டை நீட்டியபடி நின்றேன், அவர் வாங்கிக்கொண்டார். இரண்டாம் மூன்றாம் வீடுகளில் அந்த வசனத்தைச் சொல்ல நான் முயலவும் இல்லை. பறங்கி அன்ரி மட்டும் தட்டை வாங்கிய கையோடு அவ்விடத்திலேயே நின்று ஓர் இடியப்பத்தைச் சம்பலில் தொட்டு உண்டுவிட்டு, கேக் எல்லாம் கசந்துபோச்சு என்றா.

கிண்ணியாத் தட்டை மட்டும் பஸ்ஸில் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. மாலையில் மகளுடன் நானே போனேன். நானா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, சுனாமி நினைவுக்காக 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் வேளை கழிந்து சற்று நேரத்தில், அவர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். அவர் குடும்பத்திலும் அந்தக் காலையில் போனவர்கள் உண்டு. ஒரு கையில் எங்கள் தட்டு, மறுகையில் கிண்ணியாத் தயிர்ச்சட்டி. அம்மாவின் தம்பி படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், கொண்டாடுங்கள் என்பதே. கடன் வாங்கிக் கேக் போடச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் புது உடுப்பு இல்லையென்றால் நேராகச் சொல்லுங்கள்; என் பிள்ளைகள் எங்களை விட இலகுவாக அதைத் தாங்கினார்கள். உங்களை இந்த வருடம் தூக்கிவிட்டவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள், வங்கியும் உறவினரும் வேண்டாம், கதவைத் தட்டியவர்கள் மட்டும். நத்தாரன்று அந்த வீடுகளுக்கு வெறுங்கையோடாவது போய் நில்லுங்கள். உங்கள் ஊரில் தட்டு வழக்கம் இல்லாமல் இருக்கலாம், நீங்கள் கிறிஸ்தவர்தானா என்பதுகூட எனக்குத் தெரியாது, நத்தார் என்று எழுதியதால் எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் இப்போது சொந்த வண்டி இல்லை, லொறி வேலைதான். மனைவி இடியப்பத்தை நிறுத்தவில்லை. எரிவாயு வந்தபின் 300 ஆக்கிவிட்டாள். அந்த நத்தாருக்குப் போன 11 தட்டுகளும் தைக்குள் திரும்பிவிட்டன, ஆனால் எண்ணிப் பார்த்தால் அலுமாரியில் பன்னிரண்டு இருக்கின்றன. நீலக்கரை போட்ட பீங்கான் ஒன்று யாருடையது என்று தெரியவில்லை. 11 வீடுகளிலும் கேட்டுவிட்டோம், எவரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் மனைவி அதைத்தான் முதலில் நிரப்புகிறாள்.